குடத்தைத் தூக்கிக் காட்டுக



இருபது ஆண்டுகள் மேடையில் நடித்தவன் நான். அரசனாகவும் அமைச்சனாகவும் பலமுறை வேடம் புனைந்திருக்கிறேன். ஆயினும், பிறர் நடிக்க ஒரு காட்சியை நான் இயக்கியது உத்திரமேரூரில்தான் முதன்முறை. அங்கு நான் கற்ற பாடத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. அதனை அவ்வூர் மாணவர்கள் ஒரு காட்சியாக நடிக்க வேண்டும். பயிற்றுவிக்கும் பொறுப்பு என்னுடையது.

நடிகனுக்குரிய ஆசை என்னை விடவில்லை. அரசன் ஒருவனை நடுவில் நிறுத்தி, அவனுக்கு நீண்ட வசனம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் நானே நடித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் ஒத்திகையின்போது மேடையை விட்டிறங்கிக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தேன், திடுக்கிட்டேன். மேடையில் பத்து மாணவர்களைக் காணவில்லை. என் குரலும் என் கையசைவுமே பத்து மடங்காகப் பெருகி நின்றன. ஓலை எடுக்க வேண்டிய சிறுவனோ அரசனின் முதுகுக்குப் பின்னே மறைந்திருந்தான். தேர்தல் காட்சியில் தேர்தலே தெரியவில்லை!

மறுநாட் காலை மாணவர்களுடன் அக்கோயிலுக்குச் சென்றேன். உடன் வந்த ஆசிரியர் கல்வெட்டுச் செய்தியை எடுத்துரைத்தார். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். நம்பிமாருள் மூத்தவர் எழுந்து, சபையார் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும்.

"விரல்களை ஏன் விரிக்க வேண்டும், ஐயா?" என்று அரசன் வேடமிட்ட மாணவன் கேட்டான்.

"மூடிய கையில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்கலாம் அல்லவா?" என்றான் ஓலை எடுக்கும் சிறுவன்.

எனக்கு மெய்சிலிர்த்தது. நான் தேடிய மேடைக் குறிப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் காத்திருந்தது! அம்முறையை வகுத்தபோது அரசன் நேரில் வரவில்லை. அவன் ஆணைப்படி அதிகாரி ஒருவரே சபையாருடன் அமர்ந்திருந்தார் என்பதையும் அறிந்தேன். அரசனை நீக்கிவிட முடிவு செய்தேன். அவ்வேடத்துக்குரிய மாணவன் முகம் வாடியது. நீண்ட வசனத்தை இழப்பது எத்தகைய துயரம் என்பது நடிகனாகிய எனக்குத் தெரியாதா? அவனை மத்தியஸ்தன் ஆக்கினேன். "இனி உனக்கு வசனம் இல்லை, வாசிக்க ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊரே உன் கையைப் பார்க்கும்" என்றேன்.

நாடக நாளன்று, அப்பகுதிக் கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போல ஒரு மாணவன் முன்வந்து, நிலமும் மறைக் கல்வியும் இல்லாதோரின் பெயர்கள் அக்குடத்தில் இடம்பெறவில்லை என்பதையும் மறைக்காது சொன்னான். பின்னர்க் குடம் உயர்ந்தது. சிறுவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் கை விரிந்தது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், அந்த உள்ளங்கையைக் காண எட்டிப் பார்த்தார். அரங்கம் மூச்சடக்கி இருந்தது. கடைசி வரிசையில் இருந்த என்னை எவரும் பார்க்கவில்லை. கைதட்டல் பல பெற்ற எனக்கு, அன்று அடைந்த நிறைவு புதிது.

மாணவர்களே, நடிகன் தன்னைக் காட்டக் கற்கிறான். இயக்குபவன் தான் மறைந்து, காண வேண்டியதைக் காட்டக் கற்க வேண்டும். பொதுப்பணி ஏற்போருக்கும் இதுவே நெறி. நாளை உங்கள் கையில் ஒரு பொறுப்பு வரும்போது, விரல்களை விரித்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.