ஓடையில் பறி வைப்போம், கணக்கும் எழுதுவோம்

(கடக்வாஸ்லா ஏரிப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மாலை வகுப்பில் ஓர் அறிவியல் ஆசிரியர் பேசியது)

 

இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். மீன் என்றதும் சிலர் முகத்தில் சிரிப்பு வருகிறது. ஆமாம், குழம்பு வைக்கிற மீன்தான். ஆனால் குழம்பு கடைசியில்தான் வரும்.

நம் ஊரில் ஜிலேபி மீன் என்போம். சிலேபி என்றும் சொல்வோம். இங்கே சந்தையில் சிலாப்பி என்று கூவி விற்கிறார்கள். எல்லாம் ஒரே மீன். தட்டையான உடம்பு. முதுகில் நீளத் துடுப்பு. அந்தத் துடுப்பில் கூரிய முள் வரிசை. கழுவும்போது கையில் குத்தியிருக்குமே, அதுதான்.

இது நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்து ஆறுகளில் பிறந்தது. 1952-இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிறதே, அந்த மண்டபம்தான். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் வளரும், எதையும் தின்னும், ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்று நினைத்தார்கள். இலங்கைக் குளங்களிலும் விட்டார்கள். அங்கே கடலுக்குத் தூரமான ஊர்களில் அது முக்கியமான உணவாகிவிட்டது. அதை மறைத்துப் பேசக் கூடாது.

நம் நாட்டில் சீக்கிரமே கவலை வந்துவிட்டது. 1959-இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு, இதை இனிப் பரப்ப வேண்டாம் என்றது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நம் அமராவதி அணையில் வலை போட்டால் இதுதான் அதிகம் விழுந்தது. இங்கே பீமா ஆற்றின் உஜனி அணையிலும் அதே கதை.

ஏன் இப்படிப் பெருகுகிறது? ஆண் மீன் தரையில் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டை இடும். உடனே முட்டைகளை வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரிந்த பிறகும் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆபத்து என்றால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். சில மாத வயதிலேயே இனம் பெருக்கத் தொடங்கும். ஆண்டுக்குப் பல தடவை குஞ்சு விடும். நம் ஆற்று மீன்களில் பல, மழைக்காலத்தில் மட்டும்தான் முட்டையிடும். போட்டி சமமா? நீங்களே சொல்லுங்கள்.

நம் ஏரிக்கு வருவோம். இது முட்டா ஆற்றில் கட்டிய அணை. 1879-இல் கட்டி முடித்தார்கள். 1961 ஜூலை 12-இல் மேலே பான்ஷெத் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் இதுவும் உடைந்து புனே நகரில் வெள்ளம் புகுந்தது. பிறகு மறுபடி கட்டினார்கள். நகரம் குடிக்கிற தண்ணீர் இங்கிருந்து போகிறது. சிங்ககட் மலைப் பக்கமிருந்து சின்னச் சின்ன ஓடைகளும் ஓடி வருகின்றன. என் பேச்சு அந்த ஓடைகளைப் பற்றித்தான்.

1839-இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தக்காண ஆற்று மீன்களைப் பற்றி எழுதினார். மீனவர் சொன்ன பெயர்களையே அறிவியல் பெயரிலும் சேர்த்தார். கோலஸ் என்று ஒரு மீன். நுக்தா என்று ஒரு மீன். நுக்தாவுக்குத் தலையில் மூக்குப் போல ஒரு புடைப்பு உண்டு. இவை கிருஷ்ணா ஆற்றைச் சேர்ந்த மீன்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவர் வாயில் இருந்த பெயர், இன்று உலகம் முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

2003-இல் புனே ஆராய்ச்சியாளர்கள் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டார்கள். மாவட்டத்து மீன் வகைகள் மாறிவிட்டன என்று எழுதினார்கள். சாக்கடை, மணல் அள்ளுதல், அணை, வெளிநாட்டு மீன் எல்லாம் சேர்ந்து ஆற்றை அழுத்துகின்றன. எல்லாப் பழியையும் ஜிலேபி தலையில் போடாதீர்கள்.

பெரிய ஏரியில் பரவிவிட்ட மீனைப் பிடித்துத் தீர்க்க முடியாது. ஆயிரம் பேர் வலை போட்டாலும் முடியாது. ஆனால் சின்ன ஓடையில், அது புதிதாக ஏறி வந்த இடத்தில், முடியும். சீக்கிரம் பார்த்தால்தான் முடியும். அதற்குத்தான் பறி.

ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். கழுத்துப் பக்கம் வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய துண்டைத் தலைகீழாக உள்ளே சொருகித் தைத்துவிடுங்கள். புனல் போல இருக்கும். மீன் உள்ளே போகும், வழி தெரியாமல் அங்கேயே சுற்றும். தண்ணீர் ஓட உடம்பில் சின்னத் துளைகள் போடுங்கள். உள்ளே பழைய பாக்ரித் துண்டு, இல்லாவிட்டால் கொஞ்சம் புண்ணாக்கு. கல்லில் கட்டி, கரையோரம் நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் மாலையில் வையுங்கள். காலையில் எடுங்கள். இதில் குஞ்சுதான் விழும். பெரிய மீனுக்கு மூங்கில் பறி வேண்டும்.

எடுக்கும்போது அடியில் வாளி பிடியுங்கள். மூங்கில் பறியில் தாய் மீன் இருந்தால், தூக்கியதும் வாயில் உள்ள குஞ்சுகளைத் துப்பிவிடும். வாளி இல்லாவிட்டால் அவ்வளவும் ஓடைக்கே திரும்பிவிடும்.

நம் ஊர் மீன் விழுந்தால் உடனே தண்ணீரில் விடுங்கள். அடையாளம் தெரியாத மீனையும் விடுங்கள். ஜிலேபியை மட்டும் திரும்ப விடாதீர்கள். உயிரோடு வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையார் சதுர்த்தி சமயம். பறி வைத்துவிட்டு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தேன். உள்ளே ஒரு தண்ணீர்ப் பாம்பும் ஏழெட்டு நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளும் செத்துக் கிடந்தன. ஜிலேபி ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து, காலையில் பார்க்க முடியாத நாளில் பறி வைப்பதில்லை. முதல் மழைக்கும் வைப்பதில்லை. அப்போது நம் மீன்கள் முட்டையிட எதிரேறி வரும்.

இப்போது நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். நீங்கள் கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. தேதி, இடம், எத்தனை பறி, எத்தனை ஜிலேபி, எத்தனை நாட்டு மீன். ஐந்து கட்டம் போதும். ஒன்றும் விழாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதுவும் செய்திதான்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். போன மாதம் ஆறு பறி வைத்தோம். முப்பது ஜிலேபி விழுந்தது. இந்த மாதம் மூன்று பறி. பதினெட்டு விழுந்தது. மீன் குறைந்துவிட்டதா?

“குறைஞ்சிருச்சு சார்” என்று அந்தத் தம்பி சொல்கிறார். வகுத்துப் பாருங்கள். முன்பு பறிக்கு ஐந்து. இப்போது பறிக்கு ஆறு. மீன் குறையவில்லை, நாம்தான் பறியைக் குறைத்துவிட்டோம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம், அதே எண்ணிக்கைப் பறி வேண்டும்.

முன்னால் இருக்கிற அக்கா ஒன்று கேட்கிறார். “மலிவா கிடைக்கிற மீனு. அதைப் போய் பகையாக்கலாமா சார்?” நியாயமான கேள்வி அக்கா. சந்தையில் வாங்கிச் சாப்பிடுங்கள். மீன் கெட்டதல்ல. அது ஏறி நிற்கிற இடம்தான் தப்பு. ஓடையில் பிடிப்பதையும் குழம்பு வையுங்கள். ஓடைத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் வேறு சங்கதி. இங்கே மாங்கூர் என்ற பெயரில் விற்பார்கள். அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது. கெளுத்தி வகை எது விழுந்தாலும் நீங்களே முடிவு கட்டாதீர்கள். நம் நாட்டு மாங்கூரும் பார்க்க அதே மாதிரி இருக்கும். வாளியில் வைத்து மீன்வளத் துறைக்காரரிடம் காட்டுங்கள்.

ஏரியில் நாம் பறி வைக்கப் போவதில்லை. அங்கே மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்காரர்களுடையது. ராணுவ அகாடமி எல்லைக்குள்ளும் போகக் கூடாது. ஓடைக்கு ஊர்ப் பஞ்சாயத்திடமும் மீன்வளத் துறையிடமும் முதலில் கேட்போம். மனுவை இந்த வகுப்பிலேயே எழுதுவோம். எழுதத் தெரிந்த இரண்டு பேர் முன்னால் வாருங்கள். மற்றவர்கள் நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள்.