கூட்ஸ் வண்டியை எங்கே நின்று பார்ப்பது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ரிட்டயர் ஆனபிறகு பொழுது எப்படி சார் போகுது?" என்று பலர் கேட்கிறீர்கள். கூட்ஸ் வண்டி இன்ஜின்களைப் படம் எடுத்து, எண்ணைக் குறித்து வைக்கிறேன் என்றால் சிரிக்கிறீர்கள். ஆனால் நம் பிள்ளைகள் சிலருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. அவர்கள் பின்பக்க மதில் உடைப்பு வழியாகத் தண்டவாளம் வரை போய்விடுகிறார்கள். அதனால்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

பயணிகள் ரயிலுக்குக் கால அட்டவணை உண்டு. நம்மைப் போன்றவர்கள் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்படியான அட்டவணை கூட்ஸுக்குக் கிடையாது. பாதை காலியாக இருக்கும்போது கட்டுப்பாட்டு அறை அதை அனுப்பும். அரை மணியில் மூன்று வரும்; சில நாள் காலை முழுவதும் ஒன்றுகூட வராது. பொறுமை உள்ளவருக்கே இந்தப் பொழுதுபோக்கு.

இன்ஜினின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டபிள்யூ என்றால் அகலப்பாதை. ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், டி என்றால் டீசல். ஜி என்றால் சரக்கு, பி என்றால் பயணிகள், எம் என்றால் இரண்டுக்கும். ஆக, டபிள்யூ.ஏ.ஜி-9 என்பது அகலப்பாதையில் ஓடும் மின்சார சரக்கு இன்ஜின். டபிள்யூ.ஏ.ஜி-5க்கு 3,850 குதிரைத்திறன், டபிள்யூ.ஏ.ஜி-7க்கு 5,000, டபிள்யூ.ஏ.ஜி-9க்கு 6,000க்குச் சற்று மேல். பீகாரின் மதேபுராவில் தயாராகும் டபிள்யூ.ஏ.ஜி-12க்கு 12,000. இரண்டு இன்ஜின்களை ஒட்டவைத்த மாதிரி நீளமாக இருக்கும்.

பக்கவாட்டில் ஐந்து இலக்க எண்ணும், எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பதும் இருக்கும். அரக்கோணம், ஈரோடு நமக்குப் பக்கத்து ஷெட்டுகள். விஜயவாடா, காசிப்பேட்டையிலிருந்தும் விருந்தாளிகள் வருவார்கள். வாழ்நாள் முழுவதும் லெட்ஜர் எழுதிய கை சும்மா இருக்குமா? தேதி, நேரம், எண், ஷெட், என்ன சரக்கு என்று நோட்டில் ஐந்து பத்தி போட்டிருக்கிறேன். ஒருமுறை பார்த்த எண் மறுபடி வந்தால், பழைய வாடிக்கையாளர் கவுன்டருக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

பெட்டிகளையும் கவனியுங்கள். திறந்த பெட்டி என்றால் பெரும்பாலும் நிலக்கரி. மூடிய பெட்டி என்றால் அரிசி, கோதுமை, உரம், சிமென்ட். உருளை டேங்கர் என்றால் பெட்ரோல், டீசல். நம் வீட்டு விளக்கும் ரேஷன் அரிசியும் எந்த வழியாக வருகின்றன என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

இனி முக்கியமான விஷயம். சரக்கு ஏற்றிய நிலக்கரி வண்டி ஏறத்தாழ 5,000 டன் எடை. ஓட்டுநர் நம்மைப் பார்த்து பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. மின்சார இன்ஜின், டீசல் மாதிரி தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டும் வராது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். செல்ஃபி குச்சியை நீட்டுவதோ, நின்றிருக்கும் வேகன்மேல் ஏறுவதோ உயிருக்கு உலை. ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி, அத்துமீறித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் எங்கே நிற்பது? பிளாட்பார டிக்கெட் எடுத்து, நிலைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். காலை வெயில் முதுகில் படட்டும். இன்ஜின் முகம் தெளிவாக விழும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், ஓட்டுநரின் கண் கூசும். கையசைத்துப் பாருங்கள், பல ஓட்டுநர்கள் பதிலுக்குக் கையசைப்பார்கள்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. மதில் உடைப்பை அடைக்கும் வேலையை அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவரோடு ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். நான் கூட வருகிறேன். "போகாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் சுவர் ஏறிப் போவார்கள். நாமே கூட்டிக்கொண்டு போனால் பத்திரமாக நின்று பார்ப்பார்கள்.