சாத்திர தானமும் ஏடு காணாத இளங்கைகளும்

(தசலட்சண பர்வம், உத்தம தியாக நாளுக்குரிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்திற்கு உரியது. இதற்கு முந்தைய நாளில் ஓதப்பெறும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், தானத்தின் இலக்கணத்தைக் கூறியே நிறைவுறுகிறது. தானத்தைக் கூறி முடித்த மறுநாளே தியாகத்தைச் சிந்திக்கும் இந்த வரிசை, இல்லறத்தாருக்கு மிகவும் பொருத்தமானது. துறவியர் அனைத்தையும் துறப்பர். இல்லறத்தாருக்குத் தியாகம் என்பது தானத்திலிருந்தே தொடங்குகிறது.

ஆகாரம், ஔஷதம், அபயம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதைத் தமிழ்ச் சமணர் இல்லங்களில் சிறுவரும் அறிவர். இவற்றுள் உணவளித்தலில் சமுதாயம் ஒருநாளும் பின்தங்கியதில்லை. மருந்துக்கும் மருத்துவத்திற்கும் உதவுவோர் பலர் உளர். சாத்திர தானமும் நடைபெற்றே வருகிறது. ஆனால் அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோத்திரத் தொகுப்புகளும் விரத விளக்க நூல்களும் அச்சாகின்றன. விழாவிற்கு வருவோர்க்கு வழங்கப்படுகின்றன. பெறுவோர் வீட்டில் முன்னரே நூல்கள் உள்ளன. நூல் உடையோரையே மீண்டும் மீண்டும் நூல் சென்று அடைகிறது. நூல் என்று ஒன்றுமே இல்லாத வீட்டில் பிறந்த குழந்தையைச் சாத்திர தானம் சென்று சேர்வது எப்போது?

இவ்வினாவிற்கு விடை தேட மரபுக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் இல்லறத்தாரின் ஒழுக்கத்தைக் கூறுபவை. இரத்தினகரண்டகம் தானத்தால் உயர்ந்தோருக்கு எடுத்துக்காட்டாகச் சிலரைக் குறிப்பிடுகிறது. அவருள் ஒருவன் கௌண்டேசன். அவன் கதையை உரைகள் விரிக்கின்றன. முற்பிறவியில் அவன் மாடு மேய்க்கும் இடையன். ஒரு மரப்பொந்தில் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தான். அதைப் பேணி வழிபட்டான். பின்னர் முனிவர் ஒருவருக்கு அளித்தான். அந்தத் தானத்தின் பயனாக மறுபிறவியில் பேரறிவு பெற்றான் என்பது கதை. சாத்திர தானத்திற்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் பண்டிதன் அல்லன், செல்வனும் அல்லன், மாடு மேய்ப்பவன். அறிவுக்கும் அவனுக்கும் இடையே ஒரு சுவடி வந்து சேர்ந்தது, அவ்வளவே. அத்தகைய இடையச் சிறுவர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய மரப்பொந்தில்தான் சுவடி இல்லை.

கன்னட நாட்டில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சிராவகி, தானசிந்தாமணி என்று போற்றப்பெற்றவர். பொன்னர் இயற்றிய சாந்திபுராணம் வழக்கற்றுப் போய்விடக் கூடாது என எண்ணி, அதற்கு ஆயிரம் படிகள் எழுதச் செய்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலம் அது. ஓலையை வாரிப் பதப்படுத்தி, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறி, மை தடவி, துளையிட்டுக் கயிறு கோத்து ஒரு படியை முடிக்கவே நெடுநாள் ஆகும். ஆயிரம் படி என்றால் எத்தனை எழுத்தரின் உழைப்பு, எவ்வளவு பொருட்செலவு! ஒரு படி எழுதுவித்து ஜினாலயத்தில் வைத்திருந்தாலே புண்ணியம் என்று அவர் நின்றுவிடவில்லை. பல கைகளுக்குச் சென்றால்தான் நூல் வாழும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. தரசேனாசாரியர் கிர்நாரில் புஷ்பதந்தருக்கும் பூதபலிக்கும் பயிற்றிய ஆகம அறிவு ஷட்கண்டாகமமாக ஏட்டில் ஏறியது. நினைவில் மட்டும் இருந்த அறிவு அழிந்துவிடும் என்ற கவலையே அதற்குக் காரணம். அந்நன்னாளே ஸ்ருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. அந்நூலும் அதன் தவளா என்னும் பேருரையும் மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாகப் பன்னூறு ஆண்டுகள் காக்கப்பட்டன. யாத்திரை சென்றோர் சுவடியைத் தரிசித்து வணங்கித் திரும்பினர், படித்தோர் அரியர். ஹீராலால் ஜெயின் பதிப்பித்த முதல் தொகுதி 1939இல் அச்சில் வெளிவந்த பின்னரே அது பரவலாகப் படிக்கப்படும் நூலாயிற்று. காத்தவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது; அவர்கள் இல்லையேல் அச்சிட எதுவும் எஞ்சியிராது. ஆயினும் காத்தல் வேறு, அளித்தல் வேறு. வணங்கப்பட்ட நூல், படிக்கப்பட்டபோதே தன் பயனை எய்தியது.

இனி, ஏழாம் அத்தியாயத்தின் இறுதிக்கு வருவோம். பிறர்க்கு நன்மை விளையும் பொருட்டுத் தன்னுடையதைத் துறத்தலே தானம் என்கிறார் உமாசுவாமி. அடுத்து, அளிக்கும் முறை, அளிக்கப்படும் பொருள், அளிப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறப்புறும் என்கிறார். விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்னும் இந்நான்கையும் குழந்தைகளுக்கு நூல் வழங்கும் பணிக்குப் பொருத்திப் பார்த்தால் வழி தெளிவாகும்.

முதலாவது, பாத்திரம். திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வேளாண்மை செய்து வாழ்கின்றனர். அதே வட்டாரங்களில் இருளர் குடியிருப்புகளும் உள்ளன. கல் உடைப்போர், மரம் வெட்டுவோர், அறுவடைக் கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் பலர், தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாயிலை மிதித்தவர்கள். அரசுப் பள்ளியில் அவர்களுக்குப் பாடநூல் விலையின்றிக் கிடைக்கிறது, அது பெரும்பேறு. ஆனால் பாடநூல் தேர்வுக்குரியது என்ற அச்சத்தோடு திறக்கப்படுவது. மகிழ்ச்சிக்காகத் திறக்கும் நூல் ஒன்றுகூட அவ்வீடுகளில் பெரும்பாலும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அக்குழந்தைகளுக்குத் தமிழ் நூல் மட்டும் கொடுத்தால் அது கைக்குப் பாரமே அன்றிக் கருத்துக்கு உணவாகாது. அவர்களுக்கு ஒடியா மொழி நூலும் வேண்டும். பாத்திரம் அறிதல் என்பது, பெறுவோர் யார், எம்மொழியினர், எவ்வளவு படிக்க வல்லவர் என அறிதலே ஆகும்.

இரண்டாவது, திரவியம். பழைய நூல்களை அலமாரியிலிருந்து அகற்றும்போது "ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. வழக்கொழிந்த பாடத்திட்டத்தின் வினா விடை நூல், பக்கம் உதிர்ந்த வழிகாட்டி, பாதி நிரப்பிய பயிற்சி ஏடு ஆகியவை இவ்வாறு மூட்டையாகச் செல்கின்றன. முனிவருக்கு ஊசிப்போன உணவை எவரேனும் இடுவரோ? தனக்கு வேண்டாததைத் தள்ளுவது துப்புரவு, தானம் ஆகாது. நல்ல நூல் கிடைப்பதும் இன்று அரிதன்று. 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலயம் என்னும் வரிசையில் குறைந்த விலையில் தமிழிலும் பிற மொழிகளிலும் நூல்களை வெளியிட்டு வருகிறது. பெங்களூரில் 2004இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் தளத்தில் தமிழ், ஒடியா உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகளைப் படிப்புத்திறன் வாரியாக வகுத்து வைத்துள்ளது. அவற்றை விலையின்றிப் படிக்கலாம், அச்சிட்டும் வழங்கலாம். ஓர் அறக்கட்டளைக்கு இது கைக்கு எட்டிய கனி.

மூன்றாவது, விதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989இல் குழந்தை மருத்துவர்கள் சிலர் ஒரு பணியைத் தொடங்கினர். பரிசோதனைக்கு வரும் ஏழைக் குழந்தைக்கு மருத்துவரே ஒரு படநூலைக் கொடுத்து, அதை மடியில் வைத்து எவ்வாறு படித்துக் காட்டுவது எனத் தாய்க்கும் சொல்லி அனுப்புவார். ஔஷத தானமும் சாத்திர தானமும் ஒரே கையிலிருந்து வழங்கப்பட்ட காட்சி அது. அந்நாட்டின் டென்னசி மாநிலத்தில் டாலி பார்ட்டன் என்னும் பாடகி, எழுதப் படிக்க அறியாத தம் தந்தையை நினைந்து, 1995இல் தாம் பிறந்த வட்டாரக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு நூல் அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். பிறந்தது முதல் ஐந்து வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பெயருக்கே நூல் செல்லும். செல்வர் வீடு, வறியவர் வீடு என்ற வேறுபாடு இல்லை. ஆகவே பெறுவதில் இழிவும் இல்லை. இன்று அப்பணி வேறு நாடுகளிலும் பரவியுள்ளது.

இவ்விரண்டிலும் விதியின் நுட்பம் விளங்குகிறது. நூல் ஒருமுறை கொடுத்து முடிப்பதன்று. தொடர்ந்து வர வேண்டியது. குழந்தையின் பெயருக்கு வர வேண்டியது. உடன் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். மேடையில் குழந்தையை நிறுத்தி, நூலின் ஒரு முனையைப் பெரியவர் பற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதற்கு இம்முறையில் இடமில்லை. அந்தப் படத்தில் குழந்தையின் முகத்தில் தெரிவது பெரும்பாலும் கூச்சமே.

நான்காவது, தாதா. அளிப்பவருக்கு நம்பிக்கை, மகிழ்ச்சி, பக்தி, அறிவு, உலோபமின்மை, பொறுமை, ஆற்றல் என ஏழு குணங்களைச் சான்றோர் வகுத்துள்ளனர். நூல் தானத்தில் இவற்றுள் மிகவும் சோதிக்கப்படுவது பொறுமை. பல பள்ளிகளில் கதை நூல்கள் பூட்டிய அலமாரிக்குள் புத்தம் புதிதாகவே இருக்கின்றன. கிழிந்துவிடுமே, தொலைந்துவிடுமே, கணக்குக் காட்ட வேண்டுமே என்ற கவலை பூட்டைத் திறக்க விடுவதில்லை. சாத்திரத்தை மணைமேல் வைத்துப் பட்டுத்துணி சுற்றிப் போற்றும் சமுதாயத்திற்கு, தான் கொடுத்த நூலில் எண்ணெய்க் கறையும் மண்ணும் படிவதைக் காணப் பொறுக்காமல் இருக்கலாம். ஆனால் ஓரம் மடிந்து, அட்டை நைந்து, தம்பி கிழித்ததை அக்காள் சோற்றுப்பசையால் ஒட்டிய நூலே படிக்கப்பட்ட நூல். அந்தக் கிழிசலைப் பொறுப்பதும் தானத்தின் ஒரு பகுதியே.

யானையும் முயலும் பேசும் கதைநூல் எவ்வாறு சாத்திரம் ஆகும் எனச் சிலர் வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆகமத்தைத் தருவதும் படக்கதையைத் தருவதும் ஒன்றாகா. எனினும் எழுத்தைக் கண்டு அஞ்சும் கண்ணுக்கு எந்தச் சாத்திரமும் திறப்பதில்லை. எழுத்தின் மேல் விருப்பம் பிறந்த பின்னரே எந்த நல்ல நூலும் அக்குழந்தையை அடைய இயலும். வயலுக்கு வரப்பு எப்படியோ, சாத்திரத்திற்குப் படிப்பார்வம் அப்படி. சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடு மட்டும் நூல் கொடுத்தால், நன்மை பெறுபவருக்கா கொடுப்பவருக்கா என்ற ஐயமும் எழும். பெறுபவரின் நன்மையே தானத்தின் இலக்கணம் என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை எளியனவே. அன்னதானத்தில் ஓர் இலைக்கு ஆகும் செலவிலேயே சிறியதொரு படக்கதை நூலை வாங்கிவிடலாம். ஒவ்வோர் ஊர் ஜினாலயத்தாரும் அருகிலுள்ள ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, அங்குள்ள குழந்தைகளின் பெயரும் வயதும் மொழியும் கேட்டறிந்து, ஆண்டு முழுதும் மாதம் ஒரு நூல் கொடுக்கலாம். ஓய்வு பெற்றோர் வாரத்தில் ஒரு மாலை சென்று படித்துக் காட்டலாம். பிறந்தநாள் காணும் சமணச் சிறுவர், தமக்குப் பிடித்த நூலின் புதிய படி ஒன்றை வேறொரு குழந்தைக்கு அளிக்கலாம். ஸ்ருத பஞ்சமியன்று ஜினாலயத்தில் சாத்திரத்திற்கு வழிபாடு முடிந்ததும், அக்குழந்தைகளின் தெருவிற்கு நூல்கள் செல்லலாம்.

உத்தம தியாகத்திற்கு அடுத்த நாள் ஆகிஞ்சன்யம். எதுவும் எனதன்று என்று உணரும் நிலை அது. கொடுத்த நூலின் முதற்பக்கத்தில் கொடுத்தவர் பெயரை எழுதும் வழக்கத்தை விட்டு, அவ்விடத்தை வெறுமையாக வைத்துக் கொடுத்தால் போதும். எழுதப் பழகிய குழந்தை, கோணல்மாணலாகவேனும் தன் பெயரை அங்கே எழுதிக்கொள்ளும். அந்தப் பெயர் எழுதப்படும்போது சாத்திர தானம் நிறைவுறுகிறது.