நம்மைப் பற்றி நாமே எழுதுவோம்

(பாறசாலையில் நடந்த சங்க மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம். நமது பெண்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும். சமையல் குறிப்பு அல்ல. கூலி, ரேஷன், பள்ளிக்கூடம், குடிநீர் ஆகியவை பற்றிய தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும்.

"நமக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? எழுத்தெல்லாம் ஆம்பிளைகளுக்கு உள்ளது" என்று முன்வரிசையில் இருக்கும் ஒரு தாய் சொன்னார். அதற்குப் பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. அவர் திவானை எதிர்த்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரைத் திருவிதாங்கூரிலிருந்தே கடத்தினார்கள். இது எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. அவருடைய மனைவி கல்யாணி அம்மாவை யாரும் சொல்வதில்லை. 1904-இல் திருப்பூணித்துறையிலிருந்து வெளிவந்த 'சாரதா' என்ற மாதர் பத்திரிகைக்கு மூன்று பெண்கள் ஆசிரியர்களாக இருந்தனர். அவர்களில் ஒருவர் இவர். 1916-இல் கணவர் மறைந்தபின் 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற நூலை எழுதினார். நாடுகடத்தல் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அந்த அம்மையார் பேனா எடுத்ததால்தான்.

அவர் படித்தவர், நாம் சூளைக்கும் தறிக்கும் போகிறவர்கள் என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் இலங்கைத் தோட்டங்களைப் பாருங்கள். தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 'தேசபக்தன்' பத்திரிகையில் எழுதினார். நம்மவர்கள் அங்கே படும் பாட்டைப் பாட்டாக எழுதி 1940-இல் அச்சிட்டார். எழுத்துத் தெரியாதவர்களின் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இனி மூணாறு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று தினக்கூலி 232 ரூபாய். 500 ரூபாய் கூலியும் 20 சதவீத போனஸும் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது. கூலி பின்னர் 301 ஆயிற்று, 500 ஆகவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் நாம் படித்த கட்டுரைகளை எழுதியவர்கள் யார்? பேராசிரியர்கள், நிருபர்கள், அரசியல்வாதிகள். நல்ல கட்டுரைகளும் இருந்தன, மறுக்கவில்லை. கொழுந்து பறித்த கை எழுதிய கட்டுரைதான் நம் கண்ணில் படவில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு எங்களை மறைப்பது சரியல்ல. இந்த இதழில் குடிநீர் பற்றி நாங்கள் ஒரு கட்டுரை எழுதினோம். பாதி மாநில அரசைப் பற்றி, மீதி மத்திய அரசைப் பற்றி. அச்சாகி வந்ததும் ஒரு சகோதரி கேட்டார்: "குழாயில தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. முழிச்சிருந்து பிடிக்கிறது யாரு, விடிஞ்சதும் சூளைக்கு ஓடுறது யாருன்னு ஒரு வரி இல்லையே?" எங்களுக்குப் பதில் இல்லை. அவரையே எழுதச் சொன்னோம். பன்னிரண்டு வரி எழுதித் தந்தார். அதையும் நாங்கள் 'திருத்தி' மேடைத்தமிழாக்கிப் போட்டோம். "இது என் பேச்சு இல்லை" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் சரி.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1951-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலரும் பிறகு திருநெல்வேலிக்குப் போய்விட்டது. களியக்காவிளைக்கு அந்தப்பக்கத்துப் பத்திரிகைக்கு நாம் கேரளக்காரர். இந்தப்பக்கத்துப் பத்திரிகைக்குத் தமிழர். நிருபர் வருவார் என்று காத்திருந்தால் வரமாட்டார்.

எப்படி எழுதுவது? ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை ரூபாய், யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "சமுதாயம் சீரழிகிறது" என்று தொடங்க வேண்டாம். அந்த வேலையை நாங்கள் போதுமான அளவு செய்துவிட்டோம். நீங்கள் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் தமிழில் சொல்லுங்கள், மலையாளப் பள்ளியில் படிக்கும் மகள் மலையாளத்தில் எழுதட்டும். மலையாளப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள், அதிகாரிகள் படிப்பது அதைத்தான். அதிகாரிக்கே மனுக் கொடுப்பதானால் தமிழிலேயே கொடுக்கலாம். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

காண்டிராக்டர் வேலையை நிறுத்திவிடுவார் என்ற பயம் வீண் பயமல்ல. பெயரை ஆசிரியருக்கு மட்டும் தெரிவித்து, அச்சில் வேண்டாம் என்று கேளுங்கள். நம் இதழில் அப்படிக் கேட்டால் பெயர் வெளியே போகாது.

பின்னால் நிற்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். எழுத்துப்பிழையைத் தவிர ஒரு சொல்லையும் மாற்றமாட்டோம். வாசலில் காகிதமும் பேனாவும் இருக்கின்றன. முதலில் அந்த முன்வரிசைத் தாய் எடுத்துக்கொள்ளட்டும்.