ஆக்சிஜன் வந்தது, இனி அதைக் காப்பது யார்?

(ஆதரவாளர் கூடுகையில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களிலிருந்து எங்களிடம் வருகிறவர்களில் அநேகர் மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைக்கிறவர்கள். மற்றவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள்.

2021 ஏப்ரல், மே மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று உறுதியாயிற்று. ஆக்சிஜன் என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. போராட்டத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பின் 2018-ல் மூடப்பட்ட தூத்துக்குடி தாமிர ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரித்துக்கொள்ள, 2021 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்தது. அந்த நாட்களின் தவிப்பு அப்படி.

அப்பொழுது உங்கள் காணிக்கையினால் வந்தவைதாம் எங்கள் வார்டுகளிலுள்ள ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள். சிலிண்டர் லாரி வருமா என்று வாசலைப் பார்த்து நின்ற எங்களுக்கு அவை எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வார்த்தை போதாது.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். ஜியோலைட் என்னும் சிறுமணிகள் நிறைந்த உருளைக்குள் காற்றை அழுத்தும்போது நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். 90 சதவீதத்துக்குக் குறையாத ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்ததும் மணிகள் நைட்ரஜனை விட்டுவிட்டு, அடுத்த மூச்சுக்குத் தயாராகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் குறைமாதத்தில் பிறக்கும் சிசுவுக்கும், நிமோனியாவில் திணறும் பிள்ளைக்கும், விறகடுப்புப் புகையிலேயே ஆயுள் கழித்த தாய்மாருக்கும் ஆக்சிஜன் இன்றைக்கும் வேண்டும். அந்த இயந்திரங்கள் இன்று இவர்களுக்காக ஓடுகின்றன.

ஓடுகின்றன என்று சொல்லும்போதே ஒரு பயமும் உண்டு. ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. ஈரம் குடித்த மணிகள் நைட்ரஜனைப் பிடிக்கமாட்டா. இயந்திரமோ நிற்பதில்லை. அதே சத்தம் கேட்கும், பாட்டிலில் அதே குமிழி வரும். வெளியே வரும் காற்றில் ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே போகும். அளந்து பார்க்கும் கருவி இல்லாவிட்டால் படுக்கையருகில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. இதோடு எங்கள் ஆடிக் காற்று வேறு. கரிசல் புழுதி கதவிடுக்கு வழியாக வந்து ஃபில்டரை அடைத்துவிடும். பழுது பார்க்கும் கம்பெனி ஆள் தூரத்திலிருந்து வரவேண்டும்; போன் செய்தால் "அடுத்த வாரம்" என்பார்கள். அடுத்த வாரம் எது என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்!

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இப்படியே. அதன் தத்துவத்தை 1974-ல் உலகத்துக்குத் தந்த ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகமெல்லாம் அக்கருவியைத் தேடி அலைந்த நேரத்தில். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று கண்டது. வெயிலில் கறுத்த எங்கள் ஜனத்துக்கு இது தூரதேசத்துச் செய்தி அல்ல. ஆகவேதான் எங்கள் சிஸ்டர்கள் எண்ணைப் பார்த்ததோடு விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கண்மாய் வெட்டிக் கொடுத்தவர் பெயர் சில இடங்களில் கல்லில் இருக்கும். கோடைதோறும் கரம்பை அள்ளியவர்கள் பெயர் எங்கும் இராது. அவர்கள் அள்ளுவதை நிறுத்திய கண்மாய்கள்தாம் இன்று மேடாகிக் கருவேலமுள் மண்டிக் கிடக்கின்றன.

புதிய இயந்திரம் என்றால் "இன்னார் ஞாபகார்த்தமாக" என்று எழுதி ஒட்டலாம்; ஃபில்டரில் எழுத முடியாது. ஆகையால் இதைக் கேட்க எங்களுக்குக் கூச்சமே. ஆனாலும் கேட்கிறோம். நிலைத்த வளர்ச்சி என்று மேடைகளில் பேசுகிறார்கள்; எங்கள் வார்டில் அதற்கு அர்த்தம், 2021-ல் நீங்கள் தந்த இயந்திரம் அதன் ஆயுள் முழுவதும் ஒழுங்காக ஓடுவதுதான்.

மணிகள் தேய்ந்த உருளைகளை மாற்ற வேண்டும். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி ஒன்றும், மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்க ஸ்டெபிலைசர்களும் வேண்டும். மின்சாரம் நிற்கும் நேரத்துக்கென்று நிறைந்த சிலிண்டர் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலிடெக்னிக் முடித்த இவ்வட்டாரப் பிள்ளை ஒருவரை மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பி, பிறகு இங்கேயே சம்பளத்துக்கு அமர்த்த விரும்புகிறோம்.

ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கையில் புதிய கான்சன்ட்ரேட்டர் வாங்கித் தருவதாக எழுதியுள்ள சபைகளுக்கு எங்கள் நன்றி. அந்தத் தொகையை இப்பராமரிப்புக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமானால் தயவுசெய்து எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆடிக் காற்று தொடங்குமுன் உருளைகளை மாற்றிவிட வேண்டும் என்று எங்கள் டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.