கயிறு பிடிப்பவர்



சங்கரராமேசுவரர் சந்நிதியில் இவ்வுரை தொடங்குமுன் ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். “மறதிநோய் கண்ட மாமியாரை நான்கு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஐயா. கொடியேற்றத்துக்கும் வர இயலவில்லை. ‘யாரடி நீ’ என்கிறார். இது என்று முடியுமோ என்று சில வேளை எண்ணிவிடுகிறேன். பாவந்தானே?” என்று கேட்டார்.

பாவமன்று. அது களைப்பு. நம் நாட்டில் 60 அகவை கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அத்தனை இல்லங்களிலும் யாரோ ஒருவர் உறக்கமின்றி இருக்கிறார்.

சித்தம் முதலிய அந்தக்கரணங்கள் உயிருக்குக் கருவிகள் என்பது நம் சித்தாந்தம். கருவி பழுதுற்றால் மருமகள் பெயர் மறக்கும். உயிர் அழிவதில்லை, இறைவன் அதனை விட்டு நீங்குவதுமில்லை. ‘யாரடி’ என்பது நோயின் சொல். அம்மூதாட்டியின் சொல் அன்று.

திருச்சிராப்பள்ளியில் மகளுக்குப் பேறு பார்க்கப் புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் தடுத்தது. பெருமான் அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான். தாய் வந்ததும் மறைந்தான். வராத தாயை அவன் கடிந்துகொள்ளவில்லை. அவள் இடத்தில் தான் நின்றான். தாயுமானவன் என்ற திருப்பெயரை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் செயலைத்தான் மறந்துவிடுகிறோம்.

நம் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. முதியவர் சிலர் கண்டிருப்பீர்கள். கல்லின் பாரத்தால் ஆழம் இறங்கியவர் கயிற்றை அசைத்ததும், தோணியில் நிற்பவர் அவரை மேலே தூக்குவார். அவரும் உடன் மூழ்கினால் தூக்குவது யார்? மேலே நின்று மூச்சு விடுவதும் அவர் தொழிலே. அதை அன்பின்மை என்று இக்கரையில் எவரும் சொன்னதில்லை.

ஆகவே, அம்மையீர், உண்ணுங்கள், உறங்குங்கள். அழுகை நில்லாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். திருநீற்றுக்கும் மருந்துக்கும் பகையில்லை. 2022இல் அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

மற்றையோரிடம் ஒரு விண்ணப்பம். ‘பாவம், பொறுமைசாலி’ என்று அவரைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். தேரோட்டத்தன்று காலை அவர் வடம் தொட வேண்டும். அந்நேரம் மூதாட்டியின் அருகில் அமர இருவர் தேவை. ஒருவராக நாம் பெயர் கொடுத்துவிட்டோம். இன்னொருவர் யார்?

திருச்சிற்றம்பலம்.