தொடாமலே சுடும் மின்சாரம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று உயிரைப் பற்றிப் பேசவேண்டும் என்று கிளையார் கேட்டுக்கொண்டார்கள். வாங்குகிற சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் இருக்கவேண்டும் அல்லவா? ஆகவே இதுவும் சங்க வேலைதான்.

"விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகிறோம். கையில் உளியும் வாளியும்தான் இருக்கின்றன. எங்களுக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு?" என்று சிலர் கேட்கக்கூடும். உறவு பழையது. தீபகற்பத்தில் முதன்முதலாக மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டது 1894-ஆம் ஆண்டில், ரவாங்கில். அதைச் செய்தவர்கள் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும். அங்கே ஈயச் சுரங்க வேலைக்கு வந்த மின்சாரம் பிறகு பட்டணங்களுக்குப் போயிற்று, தோட்டத்து ஆலைக்கு வந்தது, லயத்துக்கும் வந்தது. இன்று நாம் இறக்குகிற பால் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் அதைத் தள்ளுவதும், பிழிவதும், நறுக்குவதும், உலர்த்துவதும் மின்சார மோட்டார்களே. அந்த மோட்டார்களை ஓட்டுகிறவர் நம் வீட்டுப் பிள்ளை. அல்லது நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர், நேப்பாளத்துத் தோழர், இந்தோனேசியத் தோழர்.

மின்சாரத்தைத் தொட்டால் "ஷாக்" அடிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தொடாமலே சுடுகிற ஆபத்து ஒன்று உண்டு. அதை ஆர்க் பிளாஷ் என்கிறார்கள். நாம் மின்பிழம்பு என்று சொல்வோம்.

மின்பிழம்பு என்றால் என்ன?

மின்சாரம் கம்பி வழியே போகவேண்டியது. இரண்டு செப்புக் கட்டைகளுக்கு நடுவே ஒரு திருப்புளி விழுந்தாலும், ஓர் எலியோ பல்லியோ புகுந்தாலும், தளர்ந்த கம்பி ஒன்று நழுவினாலும், மின்சாரம் கம்பியை விட்டுக் காற்றின் வழியே பாயத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் அங்கே எழும் வெப்பம் ஏறத்தாழ 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பமே சுமார் 5,500 டிகிரிதான். செம்பு உருகுவதோடு நில்லாமல் ஆவியாகிறது. ஆவியான செம்பு தன் பழைய பருமனைப் போல் 67,000 மடங்கு விரிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அது வெறும் தீயாக இருப்பதில்லை, வெடியாக வெடிக்கிறது. கண் கூசும் ஒளி, காதைச் செவிடாக்கும் சத்தம், உருகிய செம்புத் துளிகள், ஆளைத் தூக்கி எறியும் காற்று எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகின்றன.

மனிதனுடைய தோல் எவ்வளவு தாங்கும்? ஒரு சதுர சென்டிமீட்டர் தோலின்மேல் 1.2 கலோரி வெப்பம் பட்டாலே கொப்புளம் கண்டுவிடும் என்று பொறியாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். மின்பிழம்பு அதைப்போலப் பல மடங்கு வெப்பத்தைச் சில அடி தூரத்திலிருந்தே வீசக்கூடியது. இந்த ஆபத்தை 1982-ஆம் ஆண்டில் ரால்ப் லீ என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். "மற்றொரு மின் ஆபத்து" என்பதே அவர் அதற்கு இட்ட பெயரின் கருத்து.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் ஈ.எல்.சி.பி. என்று சொல்கிற கருவி, மின்சாரம் மண்ணுக்கோ மனித உடம்புக்கோ கசிந்தால் துண்டித்துவிடும். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளும் அதை வற்புறுத்துகின்றன. அது மிக நல்ல காவல். ஆனால் ஒரு பேஸ் கம்பிக்கும் இன்னொரு பேஸ் கம்பிக்கும் நடுவே எழும் மின்பிழம்பில் மண்ணுக்குக் கசிவு இல்லை. ஆகவே அந்தக் காவலாளி அதைக் காணவே மாட்டான். "ஈ.எல்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்று பெட்டியைத் திறப்பவர் ஏமாந்து போவார்.

நம் ஆலையில் இந்த ஆபத்து ஏன் அதிகம்?

முதலாவது, தண்ணீர். ரப்பர் ஆலையின் தரை காலை முதல் மாலை வரை ஈரம். சுவிட்சுப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகும்.

இரண்டாவது, அமோனியா. பால் உறையாமல் இருக்க நாம் சேர்க்கிற அதே அமோனியாதான். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அரிப்பட்ட இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடேறிய இணைப்பில் ஒரு நாள் பிழம்பு எழும். பால் தொட்டியின் அருகில் சுவிட்சுப் பெட்டி இருந்தால் அதைச் சங்கத் தோழர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம். "பியூஸ் அடிக்கடி போகிறது, இனிப் போகாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். தோழர்களே, மின்பிழம்பு எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவுக்கு மனிதனைச் சுடுகிறது. கால் விநாடியில் அணைய வேண்டிய பிழம்பு ஒரு விநாடி நீடித்தால் நான்கு மடங்கு வெப்பம். இரண்டு விநாடி நீடித்தால் எட்டு மடங்கு. பியூஸ் என்பது அந்த நேரத்தைக் குறைப்பதற்காக உள்ளது. அதைக் கட்டிப் போடுகிறவர் காவல் நாயின் வாயைக் கட்டிப் போடுகிறார்.

நான்காவது, அவசரம். மற்ற மூன்றையும் விட இது கொடியது.

அவசரம் என்னும் எமன்

ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். பகல் பதினொரு மணி. பால் லாரி வந்து நிற்கிறது. தொட்டி நிறைந்திருக்கிறது. திடீரென்று மோட்டார் நின்றுவிடுகிறது. பால் காத்திருக்காது, சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். மேலே இருப்பவர் கூப்பிடுகிறார்: "ஏய், யாரப்பா அங்கே? போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வா!" போகிறவருக்குச் சர்ட்டிபிகேட் இல்லை, பயிற்சி இல்லை. தட்டுகிறார், நிற்கவில்லை. மறுபடியும் தட்டுகிறார். மூன்றாம் முறை பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கிறார். முகம் பெட்டிக்கு நேரே இருக்கிறது.

சுவிட்சு தானாக விழுந்தது என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்று அது நமக்குச் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேளாமல் திரும்பத் திரும்பத் தட்டுவது, கோளாறு உள்ள இடத்துக்கு முழு மின்சாரத்தையும் மறுபடி அனுப்புவதாகும்.

விபத்து நடந்தபின் அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். அவரை அங்கே அனுப்பிய உத்தரவு எந்தத் தாளிலும் இராது. இதைத்தான் நாம் மாற்றவேண்டும். உறைந்த பாலைக் கட்டிப்பாலாக விற்கலாம். வெந்துபோன முகத்துக்கு என்ன விலை போடுவது?

காக்கும் வழி

மின்பிழம்பிலிருந்து காக்கும் வழிகளில் தலையாயது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை. மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடி. வேலையில் இறங்குமுன் செய்யவேண்டியவை வருமாறு:

1. அந்த இடத்துக்கு மின்சாரம் எத்தனை வழியாக வருகிறது என்று அறியவேண்டும். தோட்டத்தில் ஜெனரேட்டர் உண்டு என்பதை மறக்கக்கூடாது. மெயின் லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யும்போது யாரோ ஜெனரேட்டரை முடுக்கினால், செத்த கம்பி உயிர் பெற்றுவிடும்.

2. சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போடவேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு. சாவி அவரவர் பையில். "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்ற அட்டை, படிப்பவர்களின் மொழிகளில் தொங்கவேண்டும்.

3. மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்கவேண்டும். சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்து, பிறகு வேலை இடத்தில் பார்த்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்கவேண்டும். கெட்டுப்போன கருவியும் "மின்சாரம் இல்லை" என்றே காட்டும்.

4. இவற்றைச் செய்கிறவர் சட்டப்படி சர்ட்டிபிகேட் பெற்ற வயர்மேனோ சார்ஜ்மேனோ ஆக இருக்கவேண்டும். வேறு யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது.

இப்போது நிறுத்திச் சோதிக்கிற அந்தத் தோழருடைய நிலையைப் பாருங்கள். நிறுத்தும்போதும் சோதிக்கும்போதும் மின்சாரம் அங்கே இருக்கவே செய்யும். அவருக்குப் பிழம்பைத் தாங்கும் உடுப்பும், முகத்தை மூடும் கவசமும், கையுறையும் வேண்டும். அந்த உடுப்பில் எத்தனை கலோரி தாங்கும் என்று எண் போட்டிருக்கும்; இடத்தின் ஆபத்தைப் பொறியாளர் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற எண்ணுள்ள உடுப்பை முதலாளி வாங்கித் தரவேண்டும். பந்தாட்டக்காரர் சட்டையைப் போன்ற பாலியெஸ்டர் உடுப்பு வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பருத்தி உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். கையுறையோ ரப்பரால் ஆனது. நாம் விடியற்காலையில் இறக்கிய பாலே ஒரு தோழனின் கையைக் காக்கிறது. மேலே தோலுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். போடுமுன் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்து சுவிட்சைப் போடுகிறவர்கூட, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுவது நல்லது.

காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் ஏராளம். குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பும் ஏணியும் மின்சார லைனின் கீழ் போனால் எமனுக்கு ஏணி வைத்ததுதான். உயர் அழுத்தக் கம்பியைத் தொடவேண்டும் என்பதில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவிவிடும். லைனுக்கு எட்டக்கூடிய மரத்தை மண்டோரிடம் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். அந்த மரத்தை வேலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேட்பது நம் உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்புகிற தொழிலாளி, முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. "போய்த் தட்டிவிட்டு வா" என்ற உத்தரவுக்கு இதுவே பதில். தெரிவிப்பது முக்கியம், சாட்சி வைத்துத் தெரிவியுங்கள்.

இந்த இடத்தில் கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவிட்சு எத்தனை மணிக்கு விழுந்தது, யார் யாரை அனுப்பினார், எப்போது வயர்மேன் வந்தார் என்பதை ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். பல நாள் விபத்தில்லாமல் விழுந்த சுவிட்சுதான் ஒரு நாள் ஆளை விழுத்தும். உங்கள் பேனா அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். விபத்து நடந்துவிட்டால் சொக்சோ பாரத்தைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பு சொக்சோவில் உண்டு.

விபத்து நேர்ந்தால்

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தாமல் ஆளைத் தொடாதீர்கள். உடுப்பில் தீ இருந்தால் தரையில் உருட்டி அணையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யட்டும். வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, வெண்ணெய், கிச்சாப்பு எதையும் பூசாதீர்கள். 999-க்கு அழையுங்கள். வெளியே காயம் சிறிதாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணும் காதும் நுரையீரலும் உள்ளே கெட்டிருக்கக்கூடும்.

தோழர்களே! கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு? கிளைக் கூட்டம் கலையுமுன் மூன்று கோரிக்கைகளை ஏகமனதாக நிறைவேற்றுவோம். சர்ட்டிபிகேட் இல்லாத எவரையும் சுவிட்சுப் பெட்டிக்கு அனுப்பக் கூடாது. ஆலையின் எல்லா மின்பெட்டிகளையும் நிர்வாகம் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்து, பாதுகாப்புக் குழுவுக்கு அறிக்கை தரவேண்டும். பூட்டும் அட்டையும் கவச உடுப்பும் நிர்வாகச் செலவில் வரவேண்டும். இவற்றை நாளைக்கே எழுதிக் கொடுப்போம். பதில் வரும் வரையில், தகுதி இல்லாதவர் கை அந்தப் பெட்டியின் மேல் படாமல் ஒருவரை ஒருவர் காப்போம்.